கிணற்று நீர் குடித்த கார்

எங்கள் கார் ஆனையிறவைத் தாண்டியதில்லை.

வாங்கிய நாளிலிருந்து அது கோப்பாயிலிருந்து நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போய் வந்தது. சுன்னாகம் சந்தையிலிருந்து வெங்காயமும் கத்தரிக்காயும் ஏற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய வளவுக்குள் வேப்பமரத்தின் கீழ் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. அயலில் யாருக்காவது நோய் வருத்தம் கடுமையென்றால் முதலில் தட்டுவது எங்கள் படலையைத்தான். குடாநாட்டுக்குள் அதைப்போல அடக்கமான வாகனத்தை நான் கண்டதில்லை. ஆனால் கண்டி வீதியில் ஏறி, கொடிகாமம், பளை என்று வேகம் பிடித்தால் போதும், வெப்பம் காட்டும் முள் மெல்ல எழும்பத் தொடங்கும். குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும், இரண்டு பக்கமும் கடல்நீர் கிடக்கும் ஆனையிறவு வெளிக்கு வரும்போது முள் சிவப்பில் நிற்கும், முன்மூடியான பொனற்றின் இடுக்கால் ஆவி வரும்.

"உது கார் இல்லைப் பிள்ளை, கேத்தில்" என்பார் அண்ணை. "அடுப்பு இல்லாமலே தண்ணி கொதிக்கப் பண்ணுது. தேயிலையைப் போட்டுக்கொண்டு போனால் காணும்."

அண்ணை என் உடன்பிறந்த தமையன். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், சபையில் மூப்பர். அடுத்த வளவில் இருக்கிறார். இரண்டு வளவுக்கும் நடுவே வேலி ஓடுகிறது, வேலி வந்து முட்டும் இடத்தில் கிணறு. பாதி அவருடையது, பாதி என்னுடையது.

கார் ஜப்பான் நாட்டுக் கார். என் மகளைவிட மூத்தது. கணவர் கொழும்பில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறைதான் வருவார், அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் நாற்பது கழிந்த பிறகு ஓட்டப் பழகியவள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பழகுநர் பலகையோடு மானிப்பாய் வீதியில் நான் ஊர்ந்து போனதை இன்றைக்கும் சிலர் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழகி முடித்த கையோடு இருவரும் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு இந்தக் காரை வாங்கினோம். வாங்கிச் சில மாதங்களில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். பழைய வாகனங்களின் விலை ஏறத் தொடங்கியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. எங்கள் முற்றத்தில் நின்ற கிழட்டுக் கார், நாங்கள் ஒன்றும் செய்யாமலே, பெரிய சொத்தாகிவிட்டது. விற்றால் நல்ல காசு வரும். ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு கார் வாங்க முடியாது. ஆகவே விற்றால் மறுபடி பஸ்தான். இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்திருந்தது.

கார் வைத்திருப்பது ஒரு வீட்டைப் பராமரிப்பது போன்றது. வருடா வருடம் காப்புறுதி, புகைச் சான்றிதழ், வீதியில் ஓடுவதற்கான வருமான அனுமதிப்பத்திரம். இவை மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக, அந்த ஒழுங்கில்தான் எடுக்க வேண்டும். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது கிடையாது. ரயர்கள் ஒரே சீராகத் தேய வேண்டுமென்றால் முன்னுக்கும் பின்னுக்குமாக மாற்றிப் போட வேண்டும். பற்றரியின் முனைகளில் பச்சை பூத்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து, மெல்லிசாகக் கிறீஸ் பூச வேண்டும். இவற்றையெல்லாம் நான் சனிக்கிழமை காலைகளில் செய்தேன். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில்கூட, ஓடாத காரை வாரம் ஒருமுறை ஸ்ரார்ட் பண்ணி, சற்று நேரம் நிற்கவைத்து, அணைப்பேன்.

ரேடியேற்றரையும் அப்படித்தான் பார்த்தேன். அதற்கு ஊற்றும் பச்சைக் கூலன்ற்றைப் போத்தலில் வாங்குவேன். சரிக்குச் சரி சுத்தமான தண்ணீர் கலக்கவும் என்று போத்தலில் போட்டிருக்கும். நான் பழைய அளவுக் குவளையை எடுத்து, கிணற்றில் புதிதாக அள்ளி, வெள்ளைத் துணியில் வடித்து, சரிக்குச் சரி கலந்து ஊற்றுவேன். ஒவ்வொரு முறை கொதித்துக் குறையும்போதும் அதே கவனத்தோடு நிரப்புவேன்.

மருதனார்மடச் சந்திக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்தான் எங்கள் காரைப் பார்ப்பவர். தீவுப் பக்கத்து ஆள். நல்ல வேலைகாரர், சோலிசுரட்டு, வம்புதும்பு இல்லாதவர். கொதிக்கிற வருத்தத்துக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. தேர்மோஸ்ரற்றைக் கழற்றினார். தண்ணீர்ப் பம்பை மாற்றினார். மூடியை மாற்றினார். காற்றாடியின் மோட்டரை வேறொரு காரிலிருந்து எடுத்துப் பூட்டினார். ஒவ்வொரு முறையும் கார் ஊருக்குள் அருமையாக ஓடும். ஒவ்வொரு முறையும் ஆனையிறவில் பொங்கும்.

"ரீச்சர், கோவியாதேங்கோ" என்றார் ஒருநாள், கையைச் சாரத்தில் துடைத்தபடி. "பக்கத்திலைதானே ஆஞ்சநேயர் கோயில். ஒருக்காக் காட்டி, ரயருக்குக் கீழை தேசிக்காய் வைச்சு ஏத்திப் பாப்பமோ?"

"நீங்கள் வைப்பியள். அண்ணை கேட்டால் ஆர் மறுமொழி சொல்லுறது?"

"சொல்லாதேங்கோ. தேசிக்காய்க்கு வாய் இருக்கே?"

வீட்டுக்கு வந்து காரைப் பார்க்கும் நாட்களில் அவர் முதலில் கேட்பது தண்ணீர். அவருடைய ஊர்க் கிணறுகள் உவர். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு நிறையக் குடித்துவிட்டு, "இதல்லோ தண்ணி!" என்று கண்ணை மூடுவார். போகும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி வைத்திருக்கும் கானை நிரப்பிக்கொண்டு போவார், வீட்டில் தேநீர் போடுவதற்கு. அண்ணை வேலிக்கு அப்பால் நின்று அதைப் பார்த்து மகிழ்வார். எங்கள் கிணற்றை யாராவது புகழ்ந்தால் அண்ணைக்கு அது தனக்குக் கிடைத்த மரியாதை. அந்தக் காலத்தில் அமெரிக்க மிஷன் பாதிரிமார் இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கூசாவில் நிரப்பி எடுத்துப் போனார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எத்தனை கூசா என்பது சொல்பவரைப் பொறுத்தது.

மகளுக்கு வவுனியாவில் ஓர் அரசாங்க வேலைக்கு நேர்முகத்தேர்வு வந்தது. சோளகக் காற்று அள்ளி எறிகிற காலம். நான் காரில்தான் கூட்டிப்போவேன் என்று நின்றேன். மெக்கானிக் புதிதாக ஹோஸ் மாற்றித் தந்திருந்தார். ஆனையிறவில், நிழலென்று ஒரு புல்லும் இல்லாத இடத்தில், கார் ஆவி கக்கி நின்றது. உப்புக்காற்றில் மகளின் சேலை பாய்மரம் போலப் படபடத்தது. சான்றிதழ்கள் அடங்கிய கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அவள் வீதியைப் பார்த்து நின்றாள். பின்னால் வந்த வவுனியா பஸ்ஸை மறித்தேன். நடத்துநர் எட்டிப் பார்த்தார்.

"ரீச்சரம்மா, பிள்ளை மட்டுமோ? இல்லைக் காரையும் மேலை ஏத்துவமோ? கூரையிலை இடம் கிடக்கு."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. கார் ஆறும்வரை வீதியோரத்தில் நின்றுவிட்டு, கொண்டுபோன போத்தல் தண்ணீரை ஊற்றி, மெல்ல மெல்ல வீடு திரும்பினேன்.

அந்த வேலை மகளுக்குக் கிடைத்தது. தை மாதம் பொறுப்பேற்க வேண்டும். அதே நேரத்தில் வாகன இறக்குமதியை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. அண்ணை நெல்லியடியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் காரைச் சுற்றி நடந்தார், கதவுகளைத் திறந்து மூடினார், முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டினார். விலை சொன்னார். நல்ல விலை.

அவர் போன பிறகு அண்ணை குசினி வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, இறக்குமதி திறந்தால் உந்த விலைக்கு ஆரும் திரும்பியும் பாராங்கள். அவன் காசோடை நிக்கிறான். விட்டிடு."

"விட்டிட்டு?"

"பிள்ளையைப் பாக்கப் போறதெண்டால் றெயின் இருக்கு, பஸ் இருக்கு. ஆனையிறவு தாண்டாத காரை வைச்சு என்ன செய்யப் போறாய்? கூடு கட்டி வளக்கப் போறியோ?"

கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீரும் அண்ணையும் கதைச்சு முடிவெடுங்கோ. கார் ஓடுறது நீர்தானே" என்றார். ஓடுவது நான் என்பதை அவராவது நினைத்தாரே என்றிருந்தது. தை பிறக்கும்வரை தவணை கேட்டேன். அண்ணை ஒத்துக்கொண்டார்.

நான் படிப்பிக்கும் பாடம் மனையியல். ஒவ்வொரு வருடமும் சமையலறைப் பாத்திரங்களின் பராமரிப்பு என்ற பகுதிக்கு வரும்போது, பாடசாலையில் இருக்கும் பழைய கேத்திலை மேசையில் வைத்துக் காட்டுவேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கும். வினாகிரியை ஊற்றியதும் அது நுரைத்துக் கரையும். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். மாரி விடுமுறைக்கு முந்திய வாரம் அந்தப் பாடம் வந்தது. வழக்கம்போல வினாகிரியை ஊற்றி, வழக்கமான வசனத்தைச் சொன்னேன்:

"எங்கடை நிலத்துக்கு அடியிலை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. அதாலை எங்கடை கிணத்துத் தண்ணியைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைச்சால் படை பிடிக்கும். படை பிடிச்சால் சூடு கடத்தாது. பிறகு கேத்தில்..."

வசனம் அதற்கு மேல் வரவில்லை. கேத்தில் என்ற சொல் அண்ணையின் குரலில் காதில் விழுந்தது.

முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "பிறகு கேத்தில் என்ன ரீச்சர்?"

"ஆனையிறவிலை நிண்டிடும்" என்றேன்.

வகுப்பு ஒன்றும் விளங்காமல் விழித்தது. நான் சிரித்துவிட்டேன். அந்தப் பாடவேளை முடியும்வரை மனதுக்குள் காரின் பொனற்றைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பு மாற்றாமலே காரிடம் போனேன். இயந்திரம் நன்றாக ஆறும்வரை பொறுத்து ரேடியேற்றர் மூடியைத் திறந்தேன். மேலே நின்ற பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே எடுத்தேன். மகளின் கைக்கண்ணாடியைச் சரித்துப் பிடித்து, ரோர்ச் வெளிச்சத்தை அதில் விழுத்தி உள்ளே பார்த்தேன். நீர் இறங்கும் மெல்லிய குழாய்களின் வாய்கள் வரிசையாகத் தெரிந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றில் வாய் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுவர் பூசியதுபோல வெள்ளை. கொண்டையூசியால் சுரண்டினேன். ஒரு செதில் வந்தது. அதைக் கழுவி, சோசரில் வைத்து, ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டேன். நுரைத்தது.

அந்தச் சோசரைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தில் நின்ற அந்த நிமிடத்தை நான் எளிதில் மறக்கமாட்டேன். நான் அந்தக் காருக்குக் கொடுத்த அவ்வளவு கவனமும் உள்ளே கல்லாக நின்றது. வடித்து ஊற்றினாலும் சுண்ணாம்பு துணியில் தங்காது, அது நீரில் கரைந்து கிடப்பது. இதையும் நானேதான் வகுப்பில் படிப்பிக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரைவிடச் சுத்தமான ஒன்று இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. வெட்கம் இருந்தது. அதைவிட மகிழ்ச்சி பெரிதாக இருந்தது. நோய் தெரிந்துவிட்டது.

சோசரோடு வேலியைக் கடந்து அண்ணையிடம் போனேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு நுரையைப் பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"முட்டைக்கோதா இருக்கும்" என்றார்.

"ரேடியேற்றருக்கை ஆர் அண்ணை முட்டை போட்டது?"

"அப்ப கார் வித்தவன் பூசின ஏதோ மருந்து."

"எங்கடை கிணத்துத் தண்ணி, அண்ணை."

அவர் முகம் சிவந்துவிட்டது. "இஞ்சை பார், கார் பழுதெண்டால் காரைச் சொல்லு. கிணத்தைச் சொல்லாதை. பாதிரிமார் கூசாவிலை கொண்டுபோன தண்ணி. குடிச்ச ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. உன்ரை காருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"பாதிரிமார் ஆனையிறவிலை வேகமா ஓடேல்லை அண்ணை."

"கதையாதை" என்றார். ஆனால் குசினிக்குள் நின்ற அண்ணிக்குக் கேட்காமல் சிரிப்பை அடக்கினார். பிறகு வங்கி அதிகாரியின் குரலுக்கு மாறினார். "சரி. பொறுப்பேற்கப் போகேக்கை பிள்ளையையும் சாமானையும் ஏத்து. நானும் வாறன், முன்சீற்றிலை இருப்பன். ஏசியும் போட்டுத்தான் ஓட வேணும். முறிகண்டிக்கு முந்திக் கொதிச்சால் அடுத்த நாள் நெல்லியடியான் வந்து காரை எடுப்பான், நீ பேசாமல் கையெழுத்து வைப்பாய்."

"கொதிக்காமல் போனால்?"

"போனால், விக்கிற கதை இந்த வாயாலை வராது. முறிகண்டிக் கடலையும் நானே வாங்கித் தாறன்."

முறிகண்டி கிளிநொச்சிக்கு அப்பால் இருக்கிறது. வீதியோரப் பிள்ளையார் கோயில். கண்டி வீதியால் போகும் வாகனம் எதுவும் அங்கே நிற்காமல் போவதில்லை. சைவக்காரர் தேங்காய் உடைப்பார்கள், எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர்கள் கச்சான் என்னும் நிலக்கடலை வாங்குவோம். அந்தக் கடலைப் பையோடு வீட்டுக்கு வருவதுதான் நெடுந்தூரம் போய் வந்ததற்கு எங்கள் ஊரில் அத்தாட்சி. எங்கள் கார் அதுவரை ஒரு கடலைகூடக் கொண்டுவந்ததில்லை.

மறுநாள் காரை மருதனார்மடத்துக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கைக்கண்ணாடியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பச்சையாக் கிடந்தது ரீச்சர். பச்சையெண்டால் கூலன்ற், கூலன்ற் எண்டால் சரி எண்டு விட்டிட்டன். என்னத்தோடை கலந்தனியள் எண்டு கேக்கேல்லை." பிறகு ஏதோ நினைவுக்கு வந்து திடுக்கிட்டார். "அப்ப நான் கொண்டுபோய்க் குடிக்கிறது?"

"குடிக்கிறதுக்கு ஒண்டும் செய்யாது. உங்கடை கேத்திலைத் திறந்து பாருங்கோ."

"வேண்டாம், அது மனுசியின்ரை பகுதி" என்றார்.

பழைய பச்சை நீரை நாய் பூனை குடித்துவிடாதபடி ஒரு கானில் பிடித்து மூடிவைத்தோம். வினாகிரியையும் தண்ணீரையும் கலந்து நிரப்பினோம். அதற்கு முதல் அவர் ஓர் எச்சரிக்கை செய்தார். "இது பித்தளை ரேடியேற்றர், பழசு. இந்தப் படைதான் சில ஓட்டையளை அடைச்சு வைச்சிருக்கும். படை போனால் ஓட்டை தெரியும். புது ரேடியேற்றர் இப்ப எடுக்கேலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். அடைத்த ஓட்டையோடு ஓடினால் ஆனையிறவு. திறந்த ஓட்டையென்றால் கண்ணுக்குத் தெரியும், அடைக்கலாம். "ஊத்துங்கோ" என்றேன்.

இயந்திரம் சூடேறியது. கராஜ் முழுவதும் ஊறுகாய் வாசம். போகிறவர்கள் வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன, மெக்கானிக் வேலையை விட்டிட்டு அச்சாறு போடுறியளோ?" என்று கேட்டார்கள். ஆறவிட்டுத் திறந்தபோது கபில நிறத்தில் நீர் வந்தது. அதோடு செதில் செதிலாக, மீன் துப்பரவாக்கிய தண்ணீர்போல, வெள்ளை. மறுபடி ஊற்றினோம். மறுபடி வந்தது. வருவது தெளியும்வரை விடவில்லை. கார்த்திகை மழையில் கூரையிலிருந்து நான் பிடித்துவைத்த நீரால் அலசினோம்.

அவர் சொன்னது நடந்தது. அடிப்பக்க மூட்டில் சொட்டத் தொடங்கியது. நான் அடியில் ஒரு சட்டியை வைத்தேன். மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "இப்ப சரி. கண்ணாலை காணுற வருத்தத்துக்கு என்னட்டை மருந்து இருக்கு." ரேடியேற்றரைக் கழற்றி, சுரண்டி, ஈயம் பற்றவைத்து, தொட்டிக்குள் அமிழ்த்திக் காற்று அடித்துப் பார்த்தார். ஒரு குமிழியும் வரவில்லை. கழற்றி வைத்திருந்த தேர்மோஸ்ரற்றையும் பூட்டினார். கடைசியில், பற்றரிக்கு ஊற்றும் சுத்த நீரைக் கடையில் வாங்கி, அதில் கூலன்ற் கலந்து நிரப்பினோம். அளவுக் குவளை அதே குவளைதான்.

புறப்படும்போது அவர் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து பின்சீற்றில் வைத்தார்.

"இது என்ன?"

"நீங்கள் உடைக்க வேண்டாம் ரீச்சர். முறிகண்டியிலை என்ரை பேரிலை ஆரையாவது பிடிச்சு உடைப்பியுங்கோ."

"போய்ச் சேர்ந்தால்தானே."

"சேருவியள். தேங்காய் நல்ல முத்தல், வீணாக்கேலாது."

தை மாதம், பொறுப்பேற்பதற்கு முதல் நாள், வெயில் ஏறிய பிறகே புறப்பட்டோம். அண்ணைதான் அப்படி வேண்டுமென்று நின்றார். காலைக் குளிரில் ஓடி வெல்வது வெற்றியில்லை என்றார். டிக்கியில் மகளின் சூட்கேசுகள், அரிசி, மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, ஒரு மின்விசிறி. பின்சீற்றில் மகளும் தலையணைகளும் தேங்காயும். முன்சீற்றில் அண்ணை. அவர் வீதியைப் பார்க்கவில்லை. கழுத்தைச் சரித்து முள்ளையே பார்த்தார்.

சாவகச்சேரி கழிந்தது. "பாதிக்குக் கீழை" என்றார் அண்ணை.

கொடிகாமம். "பாதி."

பளை. "பாதியிலை நிக்குது. உது பழுதோ தெரியேல்லை, முள்ளுப் பழுதெண்டால்?"

"மாமா, முள்ளும் முட்டைக்கோதோ?" என்றாள் மகள் பின்னாலிருந்து. அந்தக் கதையை நான் அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏசியைக் கூட்டிவிடு" என்றார் அண்ணை. கூட்டினேன். குளிர்ந்த காற்று அவருடைய மொட்டைத் தலையில் அடித்தது. சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார், முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆனையிறவு வெளி வந்தது. இரு பக்கமும் நீர் வெயிலில் வெள்ளித் தகடாகக் கிடந்தது. உப்பளப் பாத்திகள், காற்றில் சாய்ந்து பறக்கும் பறவைகள். வழக்கமாக இந்த இடத்தில் என் இரண்டு கைகளும் ஸ்ரியறிங்கில் வியர்த்திருக்கும், காது இயந்திரத்தில் இருக்கும். இன்றைக்கும் வியர்த்துத்தான் இருந்தது. அன்று நாங்கள் நின்ற இடத்தைக் கண்டேன். ஒரு கிலோமீற்றர் கல், அதன் மேல் ஒரு காகம். மகள் கண்ணாடியைக் கீழே இறக்கி, அந்தக் கல்லுக்குக் கையசைத்தாள். உப்புக்காற்று உள்ளே வந்து அண்ணையின் கைலேஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்சீற்றுக்குப் போட்டது.

நான் முள்ளைப் பார்த்தேன். பாதி. ஒரு மயிரிழையும் கூடவில்லை.

பாலம் முடிந்தது. பெருநிலம். பரந்தன் சந்தி கழிந்தது. அண்ணை சொன்னார்: "இன்னும் முறிகண்டி வரேல்லை." குரலில் முந்திய உறுதி இல்லை. கிளிநொச்சியில் வீதி வேலை. நீண்ட வாகன வரிசையில் நின்று நின்று ஊர்ந்தோம். முள் ஒருமுறை சற்று ஏறியது. அண்ணை நிமிர்ந்தார். காற்றாடி சுழலும் ஓசை கேட்டது. முள் இறங்கியது. அண்ணையும் சாய்ந்தார். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. முள் இறங்கியபோது "அப்பாடா" என்றது அவர்தான்.

முறிகண்டியில் மரநிழலில் காரை நிறுத்தினேன். பொனற்றைத் திறந்தேன். இயந்திரம் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஆவி இல்லை, மணம் இல்லை, ஒரு சொட்டு நீர் இல்லை. பக்கத்தில் லொறிகள், வான்கள், பஸ்கள். அவற்றுக்கு நடுவே எங்கள் கார், தானும் அந்த வீதிக்கு உரியதுதான் என்பதுபோல நின்றது. நான் பொனற்றை மூடவேயில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்றிருந்தது.

அண்ணை இறங்கி, பின்கதவைத் திறந்து, தேங்காயைக் கையில் எடுத்தார். சபை மூப்பர். தேங்காயோடு இரண்டு அடி வைத்தார், நின்றார், சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் நின்ற லொறிக்காரரிடம் நீட்டினார்.

"தம்பி, எங்கடை மெக்கானிக்கின்ரை நேத்தி. ஒருக்கா உடைச்சு விடுங்கோ."

"நீங்களே உடைக்கலாமே ஐயா?"

"நான் வேதக்காரன்."

"பிள்ளையார் கோவியார் ஐயா."

"பிள்ளையார் கோவியார். எங்கடை போதகர்தான்." லொறிக்காரர் சிரித்தபடி வாங்கிப் போனார். "கனமா அடியுங்கோ" என்று அண்ணை பின்னாலிருந்து சொன்னார். தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. அண்ணையின் முகத்தில் அப்படியொரு திருப்தி.

பிறகு கடலைக் கடைக்குப் போய் ஒரு பெரிய பொதியோடு திரும்பினார். மெக்கானிக்குக்கு ஒரு பை, அண்ணிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. கார்க் கதவில் சாய்ந்து நின்று தொலைபேசியை எடுத்தார். நெல்லியடிக்காரருக்கு என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"தம்பி, கார் விக்கிற யோசனை இல்லை. ஓம், தங்கச்சி வைச்சிருக்கப் போறா. இல்லையில்லை, காரிலை ஒரு பிழையும் இல்லை. முறிகண்டியிலை நிண்டுதான் கதைக்கிறன்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தினார். "முந்திக் கொதிச்சதோ? அது எங்கடை கிணத்துத் தண்ணி, தம்பி. கொஞ்சம் சத்துக் கூட. ரேடியேற்றருக்கை போய்க் கல்லா நிண்டிட்டுது. மற்றக் கிணத்துத் தண்ணியள் உப்பிடி நிக்காது. எங்கடை தண்ணி அப்பிடி. அந்தக் காலத்திலை பாதிரிமார் பத்துக் கூசாவிலை..."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு காருக்குள் விழுந்தாள். நான் பொனற்றை மூடினேன். வவுனியாவுக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, எல்லாம் நான் பஸ் யன்னலால் மட்டும் கண்ட ஊர்கள். இனி நினைத்த சனிக்கிழமை எழும்பி, காரை எடுத்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம்.

அண்ணை ஏறி உட்கார்ந்தார். புறப்பட்டோம். முள் பாதியில் நின்றது. முறிகண்டியிலிருந்து வவுனியா வரை அவர் ஒருதரம்கூட அதைப் பார்க்கவில்லை. கடலை உடைத்து, கோதைக் கைலேஞ்சியில் போட்டு, பருப்பை எனக்கு நீட்டிக்கொண்டே வந்தார்.